பத்து நாற்பது வண்டி

எண்ணெய்க்கடைச் சந்தில் காலை ஆறு மணிக்குக் குழாயில் மூன்று தட்டு கேட்டால், தண்ணீர் வரப்போகிறது என்று அர்த்தம். கூடவே இருசப்பன் உயிரோடு இருக்கிறார் என்றும் அர்த்தம். முப்பத்தொரு வருஷமாக அந்தச் சந்துக்கும் சுற்றியுள்ள ஏழு தெருவுக்கும் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர்தான். ஆளுயர இரும்புச் சாவி ஒன்று, தலையில் குறுக்குப் பிடியோடு, எப்போதும் தோளில் கிடக்கும். குழிக்குள் அதை விட்டு வால்வைத் திருகி முடித்ததும், அதே சாவியால் குழாயை டங், டங், டங் என்று தட்டுவார். தட்டச்சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. ஆனால் தட்டாமல் தண்ணீர் வந்தால் சந்துப் பெண்கள் குடம் வைக்க யோசிப்பார்கள். யார் விட்ட தண்ணீரோ, என்னவோ.

அந்தக் குழியை மூடி, வால்வைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனார்கள் பாருங்கள், அங்கேதான் வினை பிடித்தது.

சுரங்கம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு மெட்ரோ ரயில் வரப்போகிறது என்று ஒரு காலத்தில் பேச்சு அடிபட்டது. வேங்கிக்காலில் கிளம்பி, ஊருக்கு அடியில் புகுந்து, செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் போய் நிற்குமாம். ரயிலுக்குத் தோண்டும்போதே பக்கத்தில் இன்னொரு சுரங்கமும் தோண்டி, மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, குடிதண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய் எல்லாவற்றையும் அதில் ஒன்றாகப் போட்டுவிட்டால், அப்புறம் எவரும் ரோட்டைக் கொத்த வேண்டியதில்லை என்று படித்தவர்கள் சொன்னார்கள். நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது. ரயிலுக்கு ஒரு ஃபைல், பக்கத்துச் சுரங்கத்துக்கு ஒரு ஃபைல் என்று இரண்டு ஃபைல் மேலே போயின. ரயில் ஃபைல், இந்த ஊருக்கு இது தாங்காது என்று திரும்பி வந்தது. சுரங்க ஃபைல் ஒப்புதலாகி வந்தது.

ஆக, ரயிலுக்குப் பக்கத்தில் போட வேண்டிய சுரங்கத்தை ரயில் இல்லாமலே அளவு பிசகாமல் போட்டார்கள். வரைபடத்தில் இன்றைக்கும் ‘ரயில் பாதைக்கு இடப்புறம் மூன்று மீட்டர்’ என்றுதான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கழகம் வந்தது. பெருந்துரித ரயில் இணை நிலத்தடிப் பொதுப் பயன்பாட்டுச் சுரங்கக் கழகம். பெயர்ப்பலகை ஒரு மாடியில் அடங்காமல் பக்கத்து மாடிக்கும் போனது. சனங்கள் ‘சுரங்க ஆபீஸ்’ என்று சுருக்கிக்கொண்டார்கள்.

திறப்பு விழாவில் மேலாண்மை இயக்குநர் செழியன் பேசியது சந்தில் பலருக்கு மனப்பாடம். “ரயில் இல்லையே என்கிறார்கள். நான் கேட்கிறேன், இருந்தால்? இருந்திருந்தால் அதற்குப் பக்கத்தில் இது இருந்திருக்குமா இல்லையா? ஆகவே இது சரியான இடத்தில்தான் இருக்கிறது. தன் இடத்தில் இல்லாமல் இருப்பது ரயில்தான்.” கைதட்டினார்கள். சாமியானாவுக்குள் அன்றைக்கு வெயில் ஜாஸ்தி.

லாரி போகும் அகலத்துக்கு உள்ளே இடம். ஆனால் கம்பிக்காரர்கள் யாரும் வரவில்லை. ஒருவர் பூட்டுக்கு இன்னொருவர் சாவி தரமாட்டார் என்பதால் ஆளுக்கொரு கதவு கேட்டார்கள். கதவு வைத்துக் கொடுத்த பிறகு, கதவுக்குள் அறை கேட்டார்கள். கடைசியில் தனக்காகப் பேச ஆள் இல்லாத குடிதண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே போனது. அவ்வளவு பெரிய குகையில் ஒற்றைக் குழாய். குழாயோடு சேர்த்து இருசப்பனையும் கழகத்துக்கு மாற்றிப் போட்டார்கள். ரிட்டயர் ஆக அப்போது நாலரை வருஷம் இருந்தது.

பாதுகாப்பு விதிப் புத்தகத்தை, ரயில் ஓடுகிற ஏதோ ஒரு பெரிய நகரத்திலிருந்து அப்படியே வாங்கி வந்திருந்தார்கள். இரண்டு வண்டிகளுக்கு நடுவே நாற்பது நிமிஷ இடைவெளி இருந்தால் மட்டுமே ஆள் இறங்கும் மூடியைத் திறக்கலாம், ஏறி வருவதற்கும் அதே விதி என்று அதில் இருந்தது. இடைவெளி வேண்டுமென்றால் வண்டி நேரம் வேண்டும். வண்டி நேரம் வேண்டுமென்றால் அதற்கு ஓர் அதிகாரி வேண்டும். அன்பரசன் என்பவர் கால அட்டவணை அலுவலராக வந்து சேர்ந்தார். ஐந்தரைக்கு முதல் வண்டி, அப்புறம் ஏழு, எட்டு இருபது, பத்து நாற்பது என்று பார்த்துப் பார்த்துப் போட்டார். மூடிகள் அட்டவணைப்படி தானாகத் திறந்து மூடும்படி கம்ப்யூட்டரில் இணைத்தார்கள். சுரங்கத்துக்குள் ஒலிபெருக்கி வைத்து, ஆபீஸில் வேலை பார்க்கும் பூஜா என்கிற பெண்ணின் குரலைப் பதிவு செய்து போட்டார்கள். “தயவுசெய்து சுவரோரம் ஒதுங்கவும். வண்டி வந்துகொண்டிருக்கிறது.” நேரம் தவறாமல் அந்தக் குரல் ரோட்டுக்கு அடியிலிருந்து கசியும். முதல் வாரம் நாய்கள் குரைத்தன. அப்புறம் ஒதுங்கிப் போக ஆரம்பித்தன, சுவரோரமாக.

இருசப்பன் இதையெல்லாம் பெரிசுபண்ணவில்லை. ஐந்தரை வண்டி போன பிறகு மூடி திறக்கும். இறங்குவார், திறப்பார், தட்டுவார், ஆறே காலுக்கு ஏறி வந்து டீ குடிப்பார். நாலு வருஷம், ஒரு சித்திரை பௌர்ணமி வரைக்கும், இப்படித்தான் ஓடியது.

பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் லட்சக்கணக்கில் வரும். பஸ்ஸெல்லாம் சிறப்புப் பஸ் விடும்போது கழகம் மட்டும் சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்? அந்த வருஷம் அன்பரசன் இரவு பகலாகப் பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்று சிறப்பு வண்டிகள் விட்டார். ஆறு மணி முதல் அமல். இருசப்பன் ஐந்தே முக்காலுக்கு இறங்கியிருந்தார். ஆறு மணிக்கு மூன்று தட்டு கேட்டது, தண்ணீர் வந்தது. ஆறே காலுக்கு மூடி திறக்கவில்லை.

பௌர்ணமி முடிந்தால் சரியாகிவிடும் என்று அவர் மனைவி சரோஜா காத்திருந்தாள். மறுநாள் பேப்பரில் கழகத்தின் அறிவிப்பு வந்தது: சிறப்பு வண்டிகளில் நெரிசல் எதுவும் ஏற்படாமல் பொதுமக்கள் அளித்த ஒத்துழைப்பைப் பாராட்டி, அவை இனி நிரந்தரமாக ஓடும்.

மூன்றாம் நாள் அவள் ஷேர் ஆட்டோ பிடித்து வேங்கிக்காலில் இருந்த சுரங்க ஆபீஸுக்குப் போனாள். சரோஜா ஆபீஸ் வாசல் மிதித்துப் பழகியவள் அல்ல. பட்டாணிக் கடலை வறுத்துப் பொட்டலம் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். அன்பரசன் மேஜைக்கு முன்னால் நின்று, வீட்டுக்காரர் உள்ளே மாட்டிக்கொண்டார், மூடியைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள் என்று சொன்னாள். அவர் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தார்.

“மாட்டிக்கலம்மா. டூட்டில இருக்காரு. இதோ, நிலை: பணியில்.”

“மூணு நாளா மேல வரல சார்.”

“வண்டி ஓடுதில்ல? ஓடுற வண்டிக்கு நடுவுல எப்படிம்மா ஆள ஏத்தறது? அடிச்சிட்டுப் போயிடுச்சின்னா யார் பதில் சொல்றது?”

எந்த வண்டி சார் என்று கேட்க வாயெடுத்தாள். அப்போது சுவர்க் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது, சிறப்பு வண்டி அல்ல, பழைய அட்டவணை வண்டியின் நேரம். அறையில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் டீ கிளாஸை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். பூஜா பேனா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள். அன்பரசன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். முப்பது, நாற்பது நொடி. மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. பிறகு எல்லோரும் விட்ட இடத்திலிருந்து பேசினார்கள். அப்போதுதான் சரோஜா பார்த்தாள்: அவளும் தன் துணிப்பையை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நாலு வருஷத்துல ஒரு வண்டி, ஒரு நிமிஷம் லேட் ஆனதில்ல. எந்த ஊர்லயாச்சும் இப்படிக் காட்டுங்க பாக்கலாம்,” என்றார் அன்பரசன். அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

சந்துக்காரர்கள் துணைக்கு வந்தார்களா என்று கேட்பீர்கள். வெல்டிங் பட்டறை அருள்ராஜ் மட்டும் மூடியை அறுக்கலாம் என்று மெஷினோடு வந்தார். ரயில்வே உபகரணத்தைச் சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்று மூடி மேலேயே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, மெஷினைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் பரிதாபப்பட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்தார்கள்: ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்த தண்ணீர் இப்போது தினம் வந்தது. காலையில் ஒருமுறை, சாயந்திரம் ஒருமுறை. உள்ளே இருக்கிற மனுஷனுக்கு வேறென்ன வேலை? சந்துக் கோடி ரெட்டைமாடி வீட்டு ராணியம்மாள் வாஷிங் மெஷின் வாங்கிவிட்டாள். சரோஜாவைப் பார்க்கும்போதெல்லாம், “பாவம், வந்துடுவாருங்க, ஒண்ணும் அவசரப்படாதீங்க,” என்பாள்.

செங்கம் சாலையில், வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் அறைகளைத் தாண்டி, சுரங்கத்துக்குக் காற்றுப் போக ஒரு கம்பிவலை வைத்திருந்தார்கள். ஒரு சாண் அகலம், ஓரத்தில் ஒரு கம்பி பெயர்ந்திருந்தது. அதுதான் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு வழி. தினம் மத்தியானம் நீளமான ஒல்லி டப்பாவில் சோறு கட்டி, கயிற்றில் இறக்குவாள். கீழேயிருந்து இழுபடும். அரைமணி கழித்துக் காலி டப்பா மேலே வரும். முப்பது வருஷமாக மாற்ற முடியாத ஒரு வழக்கத்தை அவர் அங்கேயும் விடவில்லை. கறிவேப்பிலையை ஒன்று விடாமல் பொறுக்கி, மூடியின் உள்பக்கத்தில் வரிசையாக ஒட்டி வைத்திருப்பார். அதைப் பார்த்தால்தான் அவளுக்கு வயிற்றில் சோறு இறங்கும்.

முதல் சில நாள் இருசப்பன் கிண்டலாகத்தான் பேசினார். உள்ளே ஜில்லென்று இருக்கிறது, பெட்டிக்கடை ஒன்று வைத்துக் கொடுத்தால் இங்கேயே இருந்துவிடுவேன் என்றார். பூஜா குரல் கேட்டால், “அந்தப் பொண்ணு சும்மா கூவிக்கினே கீது,” என்று சிரிப்பார். ஐந்தாம் நாள் பேச்சுக்கு நடுவே அவராக, “இரு, வண்டி போவட்டும்,” என்றார். சரோஜா கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தாள். கம்பிவலை வழியாக ஒரு காற்று மேலே வந்து அவள் முந்தானையைத் தூக்கிப் போட்டது. குகையில் காற்று வராமல் எங்கே வரும் என்று சொல்லிக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

கம்பிவலையைச் சுற்றி அதற்குள் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. மலைக்கு அடியில் சித்தர் ஒருவர் பேசுகிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் தினமும் காலையில் வந்து, கண்ணை மூடிக் குந்தியிருந்தார். வலையின் மேல் சாமந்தி மாலை, சுற்றிலும் கற்பூரக் கறை. சோறு இறக்க இடம் விடச் சொல்லி சரோஜா கெஞ்ச வேண்டியிருந்தது. சித்தர் பருப்பு ரசமா சாப்பிடுவார் என்று ஓர் அம்மாள் அவளிடமே கேட்டாள்.

ஆறாம் நாள் மேலாண்மை இயக்குநரைப் பார்க்க விட்டார்கள். செழியன் மரியாதையான மனிதர். எழுந்து நின்று உட்காரச் சொன்னார். முழுவதையும் கேட்டார். பெருமூச்சு விட்டார்.

“அம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வண்டிய நிறுத்தினா போதும். ஆனா எப்படி நிறுத்துவேன்? ‘வண்டியை நிறுத்துக’னு நான் எழுதினா, எந்த வண்டினு மேல கேப்பாங்க. இல்லாத வண்டினு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வண்டி இல்லன்னா அதுக்குப் பக்கத்துல சுரங்கம் எதுக்கு? சுரங்கம் இல்லன்னா கழகம் எதுக்கு? கழகம் இல்லன்னா நான் எதுக்கு? நான் இல்லன்னா உங்க மனுவ யார் வாங்குவா, சொல்லுங்க. உங்களுக்காகத்தாம்மா அந்த வண்டி ஓடுது.”

மனுவை வாங்கி, தேதி முத்திரை போட்டு, பின்னால் இருந்த அலமாரியில் வைத்தார். அலமாரி கூரைவரை நிறைந்திருந்தது. சுரங்கம் தோண்டும்போது சுவர் வெடித்தவர்கள், கிணறு வற்றியவர்கள், வாசல் புதைந்தவர்கள் எல்லோருடைய மனுவும் அங்கேதான். எதிர்வீட்டுத் தனத்தின் மாமனார் ராமன் கொடுத்ததும் அதில் எங்கோ இருந்தது. நடுவீட்டுச் சுவரில் கை போகும் அளவுக்கு வெடிப்பு என்று நாலு வருஷம் நடந்தார். மஞ்சள் பையில் நகலை வைத்துக்கொண்டு, மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, திங்கள்தோறும் போவார். போன ஐப்பசியில் அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் சோறு இறக்கும்போது தனமும் கூட வந்திருந்தாள். டப்பா கீழே போனது. இழுபடவில்லை. சரோஜா இரண்டு முறை கூப்பிட்டாள்.

“சத்தம் போடாத,” என்றது கீழேயிருந்து இருசப்பனின் குரல். “வண்டி நின்னுக்கினு கீது.”

“இன்னாங்க சொல்றீங்க? எந்த வண்டி?”

“பத்து நாப்பது. இன்னைக்கி லேட்டா வந்துச்சு. உள்ள பூரா சனம். ஒர்த்தரும் பேசல. எல்லார் மடியிலயும் ஒரு மனு. என்னியே பாக்கறாங்க, நான் எதனா கையெழுத்து போடுவனான்ற மாதிரி.” குரல் இன்னும் தாழ்ந்தது. “நம்ம எதிர் வூட்டு ராமன் குந்தினு இருக்காரு. மஞ்சப் பை வெச்சிருக்காரு.”

தனம் கம்பிவலையை விட்டு இரண்டடி தள்ளி நின்றாள். அங்கிருந்தே, “சுவத்துக்குப் பூச்சு வேல பாத்துட்டோம்னு சொல்லச் சொல்லுக்கா,” என்றாள். வெள்ளைக்காரர் கண்ணைத் திறந்து இவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அன்றைக்கு டப்பா மேலே வந்தபோது சோறு பாதி அப்படியே இருந்தது. கறிவேப்பிலையை மட்டும் எடுத்து ஒட்டி வைத்திருந்தார்.

சரோஜாவுக்கு அதற்குமேல் பயம் நின்றுபோய்விட்டது. பயம் நின்ற பிறகு பொம்பளைக்கு வரும் ஒரு நிதானம் இருக்கிறது, அது வந்தது. பதினோராம் நாள் காலை வேங்கிக்கால் ஆபீஸுக்குப் போய், அன்பரசன் மேஜைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. பத்து நாற்பது ஆனது. டீ கிளாஸைப் பிடித்தார்கள், பேனா ஸ்டாண்டைப் பிடித்தார்கள், கண்ணாடியைக் கழற்றினார்கள். நாற்பது நொடி. அன்பரசன் கண்ணைத் திறந்ததும் அவள் சாதாரணமாகச் சொன்னாள்:

“இன்னைக்கி வண்டி வரல சார்.”

“இன்னாம்மா?”

“தெனம் இந்நேரத்துக்குக் கால்ல ஒரு அதிர்வு ஏறும். இன்னைக்கி ஏறல. உங்களுக்கு ஏறுச்சா?”

அன்பரசன் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஏறியது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் வண்டி வராமலிருந்து, வந்ததாக அவர் சொல்லி, நாளைக்கு விசாரணை என்று வந்தால்? அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். நாலு வருஷமாக யாருக்கும் எதுவும் ஏறியதில்லை. ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் ஏறுகிறது, தனக்குத்தான் ஏதோ உடம்புக் கோளாறு என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பூஜாதான் முதலில் சொன்னாள். “எனக்கும் ஏறல சார்.”

எனக்கும் இல்லை என்றார் டீ கிளாஸ்காரர். எனக்கும் எனக்கும் என்று கடைசி மேஜைவரை போனது. அன்பரசன் முகம் வெளுத்தது. நாலு வருஷ சாதனை ஒரு நிமிஷத்தில் போன துக்கம் ஒருபக்கம். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவர் வாயிலிருந்து மெதுவாக வந்தது.

“அப்ப வண்டி எங்க?”

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க ஊரே வந்தது. விதிப் புத்தகத்தில் ஒன்பதாம் அத்தியாயம்: வண்டி குறித்த நேரத்தில் வராவிட்டால் சுரங்கத்தில் பழுதாகி நிற்பதாகக் கருதி, எல்லா மூடிகளையும் உடனே திறந்து பயணிகளை வெளியேற்ற வேண்டும். எண்ணெய்க்கடைச் சந்து முனையில் இரண்டு ஆம்புலன்ஸ் வந்து நின்றன. ஸ்ட்ரெச்சர்கள் வரிசையாகக் கிடந்தன. பிஸ்கட் பாக்கெட், தண்ணீர்ப் பாட்டில், போர்வை எல்லாம் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒரு வண்டியின் கொள்ளளவு அது. பூஜாவை அவசரமாக மைக் முன்னால் நிறுத்தி, “வண்டி நின்றுவிட்டது. பதற்றமின்றி வெளியேறவும்,” என்று சொல்லவைத்தார்கள். தன் குரலே மண்ணுக்குள்ளிருந்து திரும்பி வருவதைக் கேட்டு அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

மூடி திறந்தது. ஏணியில் இருசப்பன் ஏறி வந்தார். தாடி மண்டியிருந்தது, வெயில் கூசி நின்றார். தோளில் சாவி இல்லாமல் அவரைப் பார்க்க ஆளே வேறு மாதிரி இருந்தார். சரோஜா அவர் கையைப் பிடிக்கப் போனாள். நடுவே செழியன் ஒரு படிவத்தோடு வந்தார்.

“ஒரு நிமிஷம்மா. இவரு ஊழியரா, பயணியா? ஊழியர்னா வெளிய வர போக்குவரத்து நிறுத்தச் சான்று வேணும், அது நம்மகிட்ட இல்ல, மறுபடி உள்ளதான் போகணும். பயணின்னா ஒண்ணும் வேணாம். கையெழுத்து போட்டுட்டு பிஸ்கட் வாங்கிக்கலாம்.”

இருசப்பன் மனைவியைப் பார்த்தார். “சாவி உள்ள கீது சரோ,” என்றார் மெதுவாக. “அது இல்லாம நான் எப்படி…”

“பயணின்னே போடுங்க சார்,” என்றாள் சரோஜா.

அவர் கையெழுத்துப் போட்டார். பயணிகள் சாவி வைத்திருக்க முடியாது என்பதால் அதை எடுத்துவர யாரும் இறங்கவில்லை. போட்டு முடித்ததும் இருசப்பன் மூடிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடுவதுபோலக் கையை நீட்டினார். யாரும் வரவில்லை. கூட்டம் மட்டும் ஏனோ தானாக விலகி நடுவே ஒரு பாதை விட்டது. ஓரமாக நின்றிருந்த தனத்துக்கு மூக்குப்பொடி வாசனை அடித்தது. அவள் மாமனார் எதிரில் வந்தால் செய்வதுபோல முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். எதற்கு அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

முந்நூற்றுப் பன்னிரண்டு பயணிகளும் ஒரு கீறல்கூட இல்லாமல் மீட்கப்பட்டார்கள் என்று செழியன் மைக்கில் அறிவித்தார். உலகத்தில் எந்த ரயில் விபத்திலும் இப்படி நடந்ததில்லை, இந்தச் சாதனை பக்கத்தில் சுரங்கம் இருந்ததால்தான் சாத்தியமானது என்றார். பிஸ்கட்டை ஆம்புலன்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூடி மூடிக்கொண்டது. பதினொன்று ஐம்பது வண்டி நேரத்துக்கு ஓடியது.

வீட்டுக்கு வந்தவர் குளித்தார், சவரம் செய்துகொண்டார், உட்கார்ந்து சாப்பிட்டார். சரோஜா சந்தோஷத்தில் பார்த்துக்கொண்டே இருந்தாள். தட்டை எடுக்கும்போதுதான் கவனித்தாள். தட்டு சுத்தமாக இருந்தது. கறிவேப்பிலை ஒன்றுகூட இல்லை. பசி, பாவம், என்று நினைத்துக்கொண்டு கழுவப் போட்டாள்.

மறுநாள் காலை அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் கூடத்தில் சுவரில் சாய்ந்து குடித்துக்கொண்டிருந்தார். இன்றைக்குச் சந்துக்குத் தண்ணீர் வராது, ராணியம்மாள் என்ன சொல்லப்போகிறாளோ என்று சரோஜாவுக்கு உள்ளூரச் சிரிப்பு. மணி ஆறு.

டங். டங். டங்.

வாசல் குழாயில் காற்று சீறி, தண்ணீர் கொட்டியது. சந்து முழுக்கக் குடங்கள் உருளும் சத்தம். சரோஜா தன் டம்ளரைப் பிடித்தபடி நின்றாள்.

“இது யாருங்க?”

அவர் ஒரு மடக்குக் குடித்தார். “டூட்டில இருக்கறவரு,” என்றார்.

அவள் அன்றைக்கே வேங்கிக்காலுக்கு ஓடினாள். அன்பரசன் கோபமில்லாமல் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். வால்வு ஆபரேட்டர் இருசப்பன். உள்ளே சென்ற நேரம்: ஐந்து நாற்பத்தைந்து. வெளியே வந்த நேரம்: காலியாக இருந்தது. நிலை: பணியில்.

“அவரு எங்க வூட்ல இருக்காரு சார்.”

“உங்க வூட்ல இருக்கறது பயணிம்மா. நீங்களே சொல்லித்தான எழுதினோம்.” கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, “தண்ணி ஒழுங்கா வருதில்ல?” என்று கேட்டார்.

வருகிறது. காலையும் மாலையும், ஒரு நாள் தப்பாமல். ஐந்து மாசம் கழித்து ரிட்டயர்டு உத்தரவு வந்ததே என்று கேட்காதீர்கள். பணியில் இருப்பவர் நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அது இன்னமும் ஆபீஸில்தான் இருக்கிறது.

பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்த சரோஜா நான்கு நாள் பொறுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் ஓர் ஆழாக்கு அரிசி கூடப் போட்டாள். மத்தியானம் அந்த ஒல்லி டப்பாவைக் கட்டி எடுத்துக்கொண்டு செங்கம் சாலைக்குப் போனாள். சாமந்தி மாலையை ஒதுக்கிவிட்டுக் கயிற்றை இறக்கினாள். கீழே பூஜாவின் குரல் ஒதுங்கச் சொன்னது. காற்று வந்தது, போனது. கயிறு இழுபட்டது. அவள் எதுவும் கூப்பிடவில்லை. அரைமணி கழித்து டப்பாவை மேலே இழுத்தாள். திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த மனுஷர் அவள் கையைப் பார்த்தார்.

“அவரு சாப்ட்டாரா?”

சரோஜா மூடியைத் திறந்து பார்த்தாள். மூடிக்குள் வரிசையாக ஒட்டியிருந்தவற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

“சாப்ட்டாரு,” என்றாள். “கறிவேப்பில மட்டும் எடுத்து வெச்சிட்டாரு.”